அகல டயரும் தாழ்த்திய காரும்: மோட்டார் வாகனச் சட்டம் எதுவரை விடுகிறது?

செடானுக்கு அகலமான டயர் போடக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. போடலாம் என்றும் ஒரு வரி கிடையாது. குழப்பமெல்லாம் அங்கேதான். அலாய் வீல் கடைக்காரர் "எல்லாரும் போடுறாங்க சார், ஒண்ணும் ஆகாது" என்பார். தெரிந்தவர் ஒருவர் "போல்ட்டைக் கழட்டினாலே கேஸ்தான்" என்று பயமுறுத்துவார். வண்டிக்காரர் நடுவில் நின்று முழிப்பார். சட்டத்தைப் படித்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: டயரை மட்டும் அளவோடு மாற்றினால் உங்கள் பக்கம் பேச நியாயம் இருக்கும், அதோடு காரையும் தாழ்த்திவிட்டால் அந்த நியாயம் பெரும்பாலும் போய்விடும்.

பிரிவு 52-தான் இதற்கு அடிப்படை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிப் பேசுவது இந்தப் பிரிவு, 2000-இல் திருத்தியபோது இதை நன்றாக இறுக்கிவிட்டார்கள். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 'மாற்றம்' என்றால் என்ன என்பதற்கும் அங்கேயே விளக்கம் வைத்திருக்கிறார்கள்: வண்டியின் அமைப்பில் கை வைத்து, அதனால் அதன் அடிப்படைத் தன்மை மாறினால் அது மாற்றம். சீட் கவர், ஃப்ளோர் மேட் எல்லாம் இதில் வராது. சி.என்.ஜி. கிட் போடுவது, மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்காக வண்டியைத் தகவமைப்பது போன்றவற்றுக்குச் சட்டமே பெயர் சொல்லி வழி விட்டிருக்கிறது. அகல டயருக்கும், காரைத் தாழ்த்தப் போடும் லோயரிங் ஸ்பிரிங்குக்கும் அப்படிப் பெயர் சொன்ன வழி அந்தப் பிரிவில் இல்லை.

எல்லோரும் மேற்கோள் காட்டும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2019 ஜனவரி 9-இல் வந்தது. கேரளாவிலிருந்து போன வழக்கு, நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு. மாநில விதிகளை வைத்து வண்டியின் கட்டமைப்பு மாற்றத்தை ஏற்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை ரத்து செய்து, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்ற முடியாது என்று தீர்த்தார்கள். ஆனால் அந்த வழக்கு பாடி கட்டமைப்பைப் பற்றியது, டயரைப் பற்றியதல்ல. இதைச் சொல்லாமலேயே 'உச்ச நீதிமன்றம் அலாய் வீலைத் தடை செய்துவிட்டது' என்று பரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம், சீட் எண்ணிக்கை, வீல்பேஸ், எஞ்சின் கன அளவு, காலி எடை எல்லாம் இருக்கும். சொந்த உபயோகக் காரின் ஆர்.சி.யில் டயர் அளவு பொதுவாக இருக்காது. லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்குத்தான் பதிவு விண்ணப்பத்திலேயே முன் ஆக்சில், பின் ஆக்சில் என்று டயர் விவரம் கேட்பார்கள். "ஆர்.சி.யில் இல்லாததை மாற்றினால் எப்படிக் குற்றம்?" என்று கேட்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதை மட்டும் நம்பிக்கொண்டு இறங்க வேண்டாம். ஏனென்றால் 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182-ஏ(4) ஆர்.சி.யைப் பற்றியே பேசவில்லை. சட்டமோ விதிகளோ அனுமதிக்காத வகையில் வண்டியை மாற்றினால், வெளிப் பாகங்களைப் பொருத்தி மாற்றுவதையும் சேர்த்து, உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ற இடத்தைக் கவனியுங்கள். டயரும் வீலும் ஒன்று, சஸ்பென்ஷன் இன்னொன்று என்று அதிகாரி எண்ண ஆரம்பித்தால் 10,000 ஆகிவிடும். இது 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அப்படியானால் எது அனுமதிக்கப்பட்டது? இதற்கான பதில் உங்கள் காரிலேயே ஒட்டியிருக்கிறது. டிரைவர் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணிலோ கதவின் ஓரத்திலோ ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் போட்டிருக்கும். உரிமையாளர் கையேட்டிலும் அது இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 126-இன்படி ஒவ்வொரு மாடலின் முன்மாதிரியையும் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட், ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையங்களில் ஒன்றில் தேற்றிய பிறகுதான் விற்க முடியும். அங்கே தேறியது அந்த டயர் அளவுகளோடுதான். நிறைய செடான்களுக்கு இரண்டு அளவு இருக்கும்: கீழ் வேரியண்ட்டுக்கு 15 அங்குலம், மேல் வேரியண்ட்டுக்கு 16. கீழ் வேரியண்ட் வைத்திருப்பவர் அதே மாடலின் மேல் வேரியண்ட் அளவுக்குப் போவதுதான் இருப்பதிலேயே பத்திரமான வழி. யாராவது நிறுத்திக் கேட்டால் கையேட்டைத் திறந்து காட்டலாம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது ஏன் பொருந்துகிறது என்று புரியும். 185/65 ஆர்15 என்றால் டயர் அகலம் 185 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். மொத்த விட்டம் 621.5 மி.மீ. வருகிறது. 195/55 ஆர்16 போட்டால் 620.9. டயர் 10 மி.மீ. அகலமாகிவிட்டது, உயரம் அப்படியே இருக்கிறது. இதுவே பார்க்க நன்றாக இருக்கிறது என்று 205/55 ஆர்17 போட்டால் 657 மி.மீ., கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதல். மீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், இனி அது 80 காட்டும்போது நீங்கள் நிஜத்தில் 84-க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். கேமரா உங்கள் மீட்டரைப் பார்த்து சலான் போடாது. விட்டம் 3 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று டயர்க்காரர்கள் சொல்வது இதனால்தான்.

அகலத்தையே பார்த்துக்கொண்டு பலரும் கோட்டை விடுவது சுமைக் குறியீட்டில். அளவுக்குப் பின்னால் 88 எச் என்று போட்டிருக்கிறதே, அதில் 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. 205/45 ஆர்17-இல் 84 போட்ட டயரும் கிடைக்கும், அது 500 கிலோதான். நாலு டயருக்கும் சேர்த்து 240 கிலோ குறைகிறது. கார் என்னவோ அதே கார், குடும்பமும் அதே குடும்பம். விதி 95 டயரின் அளவையும் அது தாங்கும் சுமையையும் சேர்த்துத்தான் பேசுகிறது. எனவே ஸ்டிக்கரில் உள்ள எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள், அதே அளவில் எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று போட்ட டயர் பெரும்பாலும் கிடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பாருங்கள், 2009 தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி இங்கே விற்கும் டயருக்கு அது கட்டாயம்.

அடுத்தது ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது காரோடு பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. கடையில் யாரும் விளக்கிச் சொல்லாத விஷயம் இது. ஒரிஜினல் ரிம் 6 அங்குல அகலம், ஆஃப்செட் 45 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், புதியது 7 அங்குலம், ஆஃப்செட் 35. அகலம் ஓர் அங்குலம் கூடியதில் இரண்டு பக்கமும் 12.7 மி.மீ. வளர்கிறது. ஆஃப்செட் 10 குறைந்ததில் வீல் முழுவதும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. கூட்டிக் கழித்தால் வெளி விளிம்பு சுமார் 23 மி.மீ. வெளியே வந்துவிட்டது, உள் விளிம்பு சுமார் 3 மி.மீ. ஷாக் அப்சார்பரை நெருங்கிவிட்டது. வீலுக்கும் அது பொருந்தும் இடத்துக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற தட்டை வைத்தால் இன்னும் வெளியே. டயர் ஃபெண்டரை (வீலுக்கு மேலே உள்ள மட்கார்டு பகுதி) தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் டேப் எடுத்து அளக்க வேண்டியதில்லை, நின்ற இடத்திலிருந்தே தெரியும். மழையில் பின்னால் வருபவர் மேல் சேற்றை வாரி அடிப்பது வேறு. அதனால் மேலிருந்து பார்க்கும்போது டயர் ஃபெண்டருக்குள் இருக்க வேண்டும் என்பதை உங்கள் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது தாழ்த்தும் விஷயத்துக்கு வருவோம். டயருக்காவது மேல் வேரியண்ட் அளவு என்று தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட ஒரு மாற்று இருக்கிறது. 30, 40 மி.மீ. தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு நம் ஊர் செடான் எதன் கையேட்டிலும் இடம் இருப்பதாக நான் பார்த்ததில்லை. ஸ்பிரிங்கை வெட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதை எந்த நியாயத்தாலும் காப்பாற்ற முடியாது. சஸ்பென்ஷன் வண்டியின் அமைப்பில் சேர்த்தியா, அதைத் தாழ்த்தினால் அடிப்படைத் தன்மை மாறுமா என்று வக்கீல் வாதாடலாம், ரோட்டோரத்தில் நின்றுகொண்டு நீங்கள் வாதாட முடியாது.

சட்டத்தை விடுங்கள், இரண்டும் சேரும்போது நடப்பதைப் பாருங்கள். ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவில் நாலு விரல் நுழைந்த இடம் இரண்டு விரலாகிவிட்டது, அந்த இரண்டு விரலுக்குள் டயர் இன்னும் 23 மி.மீ. வெளியே வந்து நிற்கிறது. நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. பின் சீட்டில் மூன்று பேர் ஏறி, ஒரு பள்ளத்தில் இறங்கி, அதே நேரம் ஸ்டீயரிங்கும் திரும்பியிருந்தால் ஃபெண்டரின் உள் மடிப்பு டயரின் தோளைச் சீவும். டயரைக் கையால் தடவிப் பார்த்தால் வெளித் தோளில் ஒரு பளபளப்பான வளையம் தட்டுப்படும். அதைப் பார்த்த பிறகும் ஓட்டுவது வெறும் முட்டாள்தனம்.

உள் பக்கத் தேய்மானம் இதைவிட மோசம், ஏனென்றால் அது கண்ணில் படாது. தாழ்த்தினால் பெரும்பாலான கார்களில் வீலின் மேல் பகுதி உள்ளே சாயும், அலைன்மென்ட்டில் அதைத் திருத்தாவிட்டால் டயர் உள் ஓரத்திலேயே நடக்கும். விதி 94-இன்படி காருக்கு டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும், அந்த அளவுக்குத்தான் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு போல இருக்கும், உள் ஓரத்தில் மேடு மட்டமாகி கம்பி தெரியும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, குனிந்து, போன் டார்ச் அடித்துப் பாருங்கள். பின் வீலுக்கு ஜாக்கி போடாமல் தெரியாது.

வேகத்தடை இன்னொன்று. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வட்ட வடிவ வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்குவதற்கு. 165 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள செடானை 40 தாழ்த்தினால் 125, ஐந்து பேர் ஏறினால் அதுவும் குறையும். நம் தெருக்களில் இருப்பது அந்த அளவுப்படி போட்டதா என்பது உங்களுக்கே தெரியும். ஹெட்லைட்டையும் மறக்காதீர்கள். முன் பக்கமும் பின் பக்கமும் ஒரே அளவு இறங்காவிட்டால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணிலோ உங்கள் பம்பர் முன்னாலோ விழும், திரும்ப செட் பண்ண வேண்டும்.

இன்சூரன்ஸ் பக்கம் வந்தால் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் மீது தவறு இருந்து இன்னொருவருக்கு அடிபட்டால், மூன்றாம் நபர் இழப்பீட்டிலிருந்து கம்பெனி நழுவுவதற்குச் சட்டம் பிரிவு 150-இல் வைத்திருக்கும் காரணங்கள் கொஞ்சம்தான், வண்டி மாற்றம் என்று தனியாக அதில் ஒன்று இல்லை. ஆனால் முக்கியமான தகவலை மறைத்து பாலிசி எடுத்தது என்று ஒன்று உண்டு. உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கான கிளெய்மில் அவர்கள் கை ஓங்கியே இருக்கும். சர்வேயர் ஸ்பிரிங்கையும் ஸ்பேசரையும் பார்த்தால் எழுதாமல் விடமாட்டார். எனவே அலாய் வீலை வாங்கியதும் பில்லோடு கம்பெனிக்குத் தெரிவித்து, மின்சாரம் சாராத துணைக்கருவி என்ற தலைப்பில் மதிப்பைச் சேர்த்து, எண்டார்ஸ்மென்ட்டை (பாலிசியில் செய்த திருத்தத்துக்கான எழுத்துப் பதிவு) கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டிவரும், கட்டுங்கள். ஏஜென்ட் "பார்த்துக்கலாம்" என்று சொல்வதற்கு எந்த மதிப்பும் கிடையாது. இன்னொன்று, எண்டார்ஸ்மென்ட் வீலின் விலையைத்தான் காப்பாற்றும், பிரிவு 52-க்கு அது பதிலாகாது.

ஸ்டெப்னி விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. நாலு வீலை மாற்றி ஐந்தாவதை அப்படியே விடுவது வழக்கம். விட்டம் ஒன்றாக இருந்தால் ஸ்டெப்னியைப் போட்டு மெதுவாகப் பக்கத்து பஞ்சர் கடை வரை போகலாம். புது அலாயின் போல்ட் அல்லது நட்டும் பழைய ரிம்மின் போல்ட்டும் ஒரே வகையா என்று இப்போதே பார்த்து, வேறு என்றால் பழையதை ஒரு பையில் போட்டு டிக்கியில் வையுங்கள். நடுராத்திரி நெடுஞ்சாலையில் இதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவமாக இருக்காது.

பழைய வீல் செட்டையும் ஸ்பிரிங்கையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், கடைக்காரர் எவ்வளவு விலை சொன்னாலும். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடம்தான் செல்லும். புதுப்பிக்க படிவம் 25 கொடுத்து, வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதற்கு முன்பே வண்டி பொது இடத்தில் ஓட்ட ஆபத்தானது என்று பதிவு அதிகாரிக்குத் தோன்றினால், பிரிவு 53-இல் பதிவையே நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு, குறையைச் சரிசெய்து காட்டினால்தான் திரும்பக் கிடைக்கும். அந்த நேரத்தில் 15 வருடப் பழைய மாடலுக்கு ஒரிஜினல் ஸ்பிரிங் தேடி அலைவதைவிட, வீட்டுப் பரணில் அது சாக்கில் கட்டிக் கிடப்பது எவ்வளவோ மேல்.