11 மாத ஒப்பந்தம் உங்கள் வீட்டைக் காப்பாற்றாது

இந்த மாதத்தில் இதே பிரச்சினையோடு என் அலுவலகத்துக்கு வந்த மூன்றாவது ஆள் அவர். ஓய்வுபெற்ற ஆசிரியை. பெங்களூரு ஹொரமாவில் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு, சேலத்தில் மகளோடு இருக்கிறார். வீட்டை வாடகைக்கு விட்டுப் பராமரித்துத் தருகிறோம் என்று வந்த ஒரு நிறுவனத்திடம் சாவியைக் கொடுத்தார். மாதம் 28,000 ரூபாய். நான்கு மாதம் பணம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. ஏழெட்டு மாதம் போன் போட்டுப் பார்த்துவிட்டு நேரில் வந்து கதவைத் தட்டினால், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். "18 லட்சம் கொடுத்து லீஸுக்கு வந்திருக்கோம், நீங்க யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பெங்களூரில் லீஸ் என்றால், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது. நம் ஊர்ப்பக்கம் ஒத்தி என்பார்களே, அதுபோல. இப்படிப்பட்ட நிறுவனத்தார் உங்களிடம் வாடகைக்கு எடுத்த வீட்டை அடுத்தவருக்கு லீஸுக்கு விட்டு, அந்தப் பணத்திலேயே உங்களுக்குச் சில மாதம் வாடகை தருவார்கள். பிறகு ஆள் இருக்க மாட்டார்.

அந்த அம்மா சொன்னது: "ஒப்பந்தம் 11 மாசம்தான் சார். அது முடிஞ்சு போச்சு. போலீஸ வச்சு வெளியேத்திடலாம்ல?"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. 11 என்ற எண்ணுக்குத் தனிச் சக்தி எதுவும் கிடையாது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் 11 என்று எழுத ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். 12ஆவது மாதம் பிறந்தவுடன் உள்ளே இருப்பவர் தானாக வெளியேறிவிட மாட்டார். அதற்குப் பிறகும் நீங்கள் வாடகை வாங்கினால், 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி அது மாதாமாதம் தொடரும் வாடகையாகிவிடும். அதை முடிக்க 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அதற்கும் காலி செய்யாவிட்டால் வழக்குத்தான். போலீஸ் இதை சிவில் விவகாரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள், அவர்கள் சொல்வது சரிதான்.

அந்தக் கோபத்தில் பூட்டை மாற்றுவது, தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது எதுவும் வேண்டாம். சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 6ஆவது பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வந்துவிடலாம். வீடு யாருடையது என்பதை அந்த வழக்கில் பார்க்கவே மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு, 12 வருஷம் இருந்தால் வீடு குடியிருப்பவருக்கே போய்விடும் என்று. வாடகை கொடுத்து இருப்பவர் 30 வருஷம் இருந்தாலும் வாடகைக்காரர்தான்.

சரி, அந்த அம்மாவின் தாள்களைப் பார்த்தேன். உள்வாடகைக்கு விடக் கூடாது என்ற ஒரு வரி அதில் இல்லை. நீங்கள் எழுதித் தடுக்காவிட்டால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவுப்படி வாடகைக்கு எடுத்தவர் உள்வாடகைக்கு விடலாம். கூடவே, தன் பெயரில் ஒப்பந்தம் போடவும் அட்வான்ஸ் வாங்கவும் அந்த நிறுவனத்துக்கு அதிகாரம் தரும் இன்னொரு தாளிலும் அந்த அம்மா கையெழுத்து போட்டிருக்கிறார், படிக்காமலே. இதனால் அந்த 18 லட்சத்துக்கு அவரும் பதில் சொல்ல வேண்டி வரலாம். நோட்டரி முத்திரை இருந்ததால் பதிவான பத்திரம் என்று வேறு நினைத்திருக்கிறார். நோட்டரி வேறு, பதிவு வேறு.

தயவுசெய்து குடியிருக்கப் போகிறவரோடு நேரடியாக ஒப்பந்தம் போடுங்கள். உள்வாடகைக்கும் லீஸுக்கும் விடக் கூடாது என்று எழுதுங்கள். வாடகையும் அட்வான்ஸும் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வரட்டும். அவருடைய விவரத்தை உள்ளூர் போலீஸ் நிலையத்தில் கொடுங்கள். புரோக்கருக்குக் கமிஷன் கொடுங்கள், அதிகாரம் கொடுக்காதீர்கள். சாவி கைமாறிய முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரிடமாவது கேளுங்கள். வாடகை ஒரு மாதம் நின்றாலும் கிளம்பி வாருங்கள். ஏழு மாதம் போன் செய்துகொண்டிருக்காதீர்கள். வெளியூரில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கர்நாடகப் பத்திரப்பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்றும் எடுத்துப் பார்க்கவேண்டும்.

அந்த அம்மா உள்ளே இருந்த குடும்பத்தைத் திருடர்கள் என்றே பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் நகையை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கட்டியவர்கள். இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. போன வியாழக்கிழமை இருவரும் சேர்ந்துபோய் அந்த நிறுவனத்தின் மேல் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறார்கள். புகார் முடிவாகும்வரை அந்தக் குடும்பம் மாதம் ஒரு தொகை அம்மாவுக்குத் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த உடன்பாட்டை இந்தமுறை வரிக்கு வரி படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினேன்.