யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

கணினி சர்வீஸுக்காக நான் போகும் அலுவலகங்களில், கரண்ட் போனால் கணினியைக் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓட்டும் யுபிஎஸ் பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பச்சை லைட் எரியுதே சார், நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். மின்சாரம் வருகிறது என்பதைத்தான் அந்த விளக்கு சொல்கிறது. கரண்ட் போனபின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அதற்குத் தெரியாது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை நம்புவதும் வீண். தேய்ந்த பேட்டரிகூட லோடு இல்லாதபோது 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும். கணினி இழுக்கத் தொடங்கியதும் சரசரவென்று இறங்கிவிடும். கணக்கு எழுதும் டேலி மென்பொருள் திறந்திருக்கும்போதே கணினி அணைந்து, ஒரு வாரக் கணக்கு கெட்டுப்போய் அழாத குறையாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது.

சாதாரண 600 விஏ (எவ்வளவு லோடு தாங்கும் என்பதற்கான அளவு) யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. 100 வாட் எடுக்கும் கணினி முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டுமே என்று தோன்றும். ஓடாது. அந்த 7 என்பது 20 மணி நேரம் மெதுவாக, 0.35 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. கணினியோ 10 ஆம்பியர் இழுக்கிறது. வேகமாக இழுத்தால் கிடைப்பது குறையும். 12 வோல்ட்டை 230 ஆக்குவதில் இன்னும் கொஞ்சம் போகும். புது பேட்டரியில் 20 நிமிடம் கிடைத்தாலே நல்லது.

அதோடு நம் ஊர் வெயில். இந்த பேட்டரிகளின் ஆயுளைக் கணக்கிடுவது 25 டிகிரி வெப்பத்தை வைத்து. அதற்கு மேல் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஏசி இல்லாத அறையில், மேசைக்கு அடியில், சிபியு விடும் சூட்டையும் வாங்கிக்கொண்டு கிடக்கும் யுபிஎஸ்ஸில் இரண்டு மூன்று வருடங்களிலேயே பேட்டரி போய்விடுகிறது.

அதனால் சோதித்துப் பாருங்கள். மார்ச்சில் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை. இரவு முழுக்க சார்ஜ் ஏறட்டும். ஃபைல்களை எல்லாம் சேமித்து மூடிவிட்டு, வழக்கமாக ஓடும் மென்பொருளைக் காலி ஃபைலோடு ஓடவிட்டு, சுவர் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். எர்த் இணைப்பும் சேர்ந்து போய்விடும். போனில் நேரம் பாருங்கள். பீப் சத்தம் வேகமெடுத்ததும் கணினியை முறையாக அணைத்துவிடுங்கள். முழுதும் வடியவிட்டால் பேட்டரிக்குக் கெடுதல். தேதியையும் நிமிடத்தையும் ஒரு டேப்பில் எழுதி யுபிஎஸ் மேலேயே ஒட்டிவிடுங்கள். புதிதில் வந்ததில் பாதிகூட வரவில்லை என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பேட்டரி உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. அதன் சூடேற்றி திடீரென்று இழுக்கும் மின்சாரம் சின்ன யுபிஎஸ்ஸுக்குத் தாங்காது.

பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை மின்தடை என்று அறிவிப்பு வந்தாலோ, 2016 வார்தா புயல் மாதிரி நாட்கணக்கில் கரண்ட் போனாலோ இந்தப் பெட்டி உதவாது. அதற்கு இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் புது பேட்டரி வாங்கும்போது தயாரித்த தேதியைக் கேட்டுப் பாருங்கள், பல மாதம் கடையில் கிடந்தது வேண்டாம். பழையதைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கின்றன, குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.