டயடெம் என்றால் கிரீடம் இல்லை

பழைய கிரேக்க வெள்ளிக்காசைப் பற்றித் தமிழில் எழுதினால் போதும், 'கிரீடம் சூடிய மன்னர்' எப்படியாவது உள்ளே வந்துவிடுகிறார். காசைப் பார்த்தால் கிரீடமே இருக்காது. தலையைச் சுற்றி ஒரு துணிப்பட்டை, பின்னால் முடிச்சு, பிடரியில் தொங்கும் இரண்டு முனைகள். அவ்வளவுதான். இதுதான் டயடெம். 'சுற்றிக் கட்டு' என்ற கிரேக்க வினையிலிருந்து பிறந்த சொல்.

இது வெறும் சொல்சண்டை இல்லை. காசில் இருப்பது யார் முகம் என்று கேட்டால் முதலில் தேடவேண்டியதே இந்தப் பட்டையைத்தான். அலெக்சாந்தர் வெளியிட்ட வெள்ளிக்காசில் சிங்கத்தோல் போர்த்த தலை கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸுடையது. அதில் பட்டை கிடையாது. பிறகு அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவரான லிசிமாக்கஸ் அடித்த காசில் ஆட்டுக்கடா கொம்பும் பட்டையுமாக ஒரு முகம். பின்பக்கத்தில் லிசிமாக்கஸின் பெயர் இருக்கிறது, ஆனால் முகம் தெய்வமாக்கப்பட்ட அலெக்சாந்தருடையது. கி.மு. 306இல் இன்னொரு தளபதி ஆன்டிகோனஸ் பட்டை கட்டி அரசர் ஆனதும் மற்றத் தளபதிகளும் வரிசையாகக் கட்டிக்கொண்டார்கள். அவர்களில் எகிப்தை ஆண்ட முதலாம் தாலமி தன் முகத்தையே பட்டையோடு காசில் போட்டார்.

சரி, இதையெல்லாம் கிரீடம் என்றே வைத்துக்கொள்வோம். சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னர் ஆறாம் ஆன்டியோக்கஸின் காசை என்ன செய்வது? அதில் சூரியக் கதிர்முடியும் உண்டு, பட்டையும் உண்டு. கிரீடத்தோடு கிரீடம் அணிந்தார் என்று எழுதுவார்களா? பாக்ட்ரிய (இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம்) மன்னர் டிமெட்ரியஸ் யானைத்தலைத் தோலைக் கவிழ்த்திருக்கிறார், கீழே பட்டை தெரிகிறது. யானைக்கு அடியில் கிரீடமாம்! 'மணிமுடி' இன்னும் மோசம். நாடாவில் மணிக்கு எங்கே போவது? ஆங்கில அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துப் போட்டுவிட்டு, காசின் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத மொழிபெயர்ப்பு இது.

இத்தனைக்கும் பொருத்தமான சொல் நம்மிடம் இருக்கிறது. பட்டம் கட்டுதல், பட்டத்தரசி, பட்டத்து யானை. அரசுரிமைக்கு அடையாளமாக நெற்றியில் கட்டுவதுதான் பட்டம். இன்று பட்டம் என்றால் காற்றாடியும் கல்லூரியும் நினைவுக்கு வருவதால் 'தலைப்பட்டம்' என்று சொல்லலாம். பட்டம் வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் கிரீடத்தை மட்டும் எந்த ஊர்ச் சொல் என்று நினைக்கிறார்களோ! தனித்தமிழில் 'முடிக்கச்சை' போடலாமே என்பார்கள். கச்சை இடுப்புக்கு உரியது, தலைக்கு வேண்டாம். 'தலைப்பட்டம் கட்டிய அரசர் தலை, வலப்பக்கம் நோக்கியது' என்று எழுதினால் காசில் உள்ளது அப்படியே வந்துவிடும்.