முலாம் வேறு, மெருகு வேறு

மாமாவின் பழைய மார்க் 2 அம்பாசடருடைய முன் பம்பரைக் கழற்றி எடுத்துக்கொண்டு அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் ஓரத்தைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, "பாலிஷா சார், பிளேட்டிங்கா?" என்றார்.

"பளபளன்னு ஆக்கிக் கொடுங்க, போதும்."

"அதுக்குத்தான் கேக்கறேன். சும்மா தேச்சுக் கொடுத்தா அடுத்த மழை வரைக்கும் நிக்கும். அப்புறம் பழையபடி துருதான்."

அவர் ஆங்கிலத்தில் கேட்ட இரண்டுக்கும் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு: மெருகு, முலாம். எழுதும்போது இரண்டையும் நாம் கலந்துவிடுகிறோம். பழைய வண்டி வைத்திருப்பவர் கலந்தால் காசு போகும்.

மெருகு ஏற்றுவது என்றால் பொருளின் மேற்பரப்பையே தேய்த்து வழவழப்பாக்கி ஒளிர வைப்பது. புதிதாக எதுவும் சேர்வதில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைகிறது. முலாம் என்பது ஓர் உலோகத்தின் மேல் இன்னோர் உலோகத்தை மெல்லிய தோலாகப் படிய வைப்பது.

முலாம் தமிழ்ச் சொல் அல்ல. அரபியில் 'லமஅ' என்றால் மின்னுதல். அதிலிருந்து வந்த 'முலம்மஅ' என்றால் மின்ன வைக்கப்பட்டது, பல நிறம் கலந்தது. அது பாரசீகம், உருது வழியாக 'முலம்மா' ஆகி, இங்கே முலாம் என்று சுருங்கிவிட்டது. அரபியும் பாரசீகமும் மாறி மாறி வரும் கவிதைக்கும் அங்கே முலம்மஅ என்றுதான் பெயர். நம் மணிப்பிரவாளம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நமக்கென்று என்ன இருந்தது? 'பூசுதல்' இருந்தது. தெருவில் ஈயம் பூசுபவர் வந்தால், பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, உருகிய வெள்ளீயத்தைத் துணியால் ஒரே இழுப்பில் உட்புறம் முழுக்கப் பரப்பிவிடுவார். முலாம் செய்கிற வேலையும் அதுதான். ஆனால் சுண்ணாம்பையும் சந்தனத்தையும்கூடப் பூசுகிறோம் என்பதால், உலோகத் தோலுக்கென்று தனியாக முலாம் நிலைத்துவிட்டது என்று நினைக்கிறேன். பொய்க்கு முலாம் பூசுகிற அளவுக்குப் பழகியும் விட்டது.

அடுத்தது, பம்பர் முலாமில் மின்னும் குரோம், அதாவது குரோமியம். கிரேக்கத்தில் 'குரோமா' என்றால் நிறம். சைபீரியாவிலிருந்து வந்த செந்நிற ஈயத் தாதுவிலிருந்து 1797-இல் இந்தத் தனிமத்தைக் கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன். அதன் சேர்மங்கள் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று நிறம் நிறமாக இருந்ததால் அந்தப் பெயர். மாணிக்கத்தின் சிவப்புக்கும் மரகதத்தின் பச்சைக்கும் காரணம் சிறிதளவு குரோமியம்தான். குரோமோசோமும் இதே வேரில் பிறந்தது. அதை நாம் நிறப்புரி என்றும், இலங்கையில் நிறமூர்த்தம் என்றும் மொழிபெயர்த்துக்கொண்டோம். குரோமியத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம்.

ஆக, நிறம் என்று பெயர் வைத்த உலோகத்தை, கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல் மின்னும் பொருளாகத்தான் கார்க்காரர்களுக்குத் தெரியும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. குரோம் பம்பரில் கனமாக இருப்பது குரோம் அல்ல, நிக்கல். இரும்பின் மேல் செம்பு, அதன் மேல் 20, 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவுக்கு நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே அரை மைக்ரான்கூடத் தேறாத குரோம். அந்த வழவழப்பு நிக்கலுடையது. நிக்கல் காற்றுப்பட்டால் மங்கும் என்பதற்காக மேலே குரோம் காவலுக்கு நிற்கிறது. 1920-களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் காலின் ஃபிங்க் போன்றவர்கள் குரோமை மின்சாரத்தால் படிய வைக்கும் ரசாயனக் குளியலைத் தொழிலுக்கு ஏற்றதாக்கும்வரை கார்களுக்கு வெறும் நிக்கல்தான். ஓயாமல் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இது தெரிந்தால் உங்கள் பம்பரையே படிக்கலாம். லேசான நீலச் சாயல் தெரிந்தால் குரோம் இருக்கிறது, மெருகு போதும். வெதுவெதுப்பான மஞ்சள் சாயல் என்றால் குரோம் தேய்ந்து நிக்கல் வெளியே வந்துவிட்டது. செந்நிறப் புள்ளிகள் என்றால் நுண்துளை வழியாக ஈரம் இரும்புவரை போயிருக்கிறது. மேலே தேய்த்தால் புள்ளி மறையும், அடியில் துரு வேலை செய்துகொண்டே இருக்கும். இதற்கு முலாம்தான் வழி. வண்டியின் பக்கவாட்டில் ஓடும் பளபளப்புப் பட்டையான பீடிங்கை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பல வண்டிகளில் அது எவர்சில்வராகவோ அலுமினியமாகவோ இருக்கும், முலாமே கிடையாது.

என் பம்பர் மூன்றாவது ரகம். பழைய முலாமை அமிலத்தில் உரித்து, நெளிவை எடுத்து, துணிச் சக்கரத்தில் பஃபிங் செய்து, செம்பு ஏற்றி, மறுபடி பஃபிங். செம்பு போட்ட கட்டத்தில் போய்ப் பார்த்தேன். புதுக் குத்துவிளக்கு மாதிரி இருந்தது. "இதுல கீறல் இருந்தா மேல எத்தனை போட்டாலும் காட்டிக் கொடுத்துடும்" என்றார். அதன் மேல் நிக்கல், கடைசியில் குரோம். குரோம் தொட்டியில் மணிக்கணக்கில் ஊற வேண்டுமா என்றால் அதுவும் இல்லை, சில நிமிடங்கள்தான். அந்தத் தொட்டியில் இருந்தது கருஞ்சிவப்பாக, காபி டிகாக்‌ஷன் போல. நிறத்தின் பெயர் அங்கேதான் பொருந்துகிறது. கடும் நஞ்சும்கூட. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது இதே வகைக் குரோமியத்தால்தான்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? செய்முறைக்குப் பாடநூலில் 'மின்முலாம் பூசுதல்' இருக்கிறது, இலங்கையில் 'மின்முலாமிடல்'. முழுத் தமிழ் வேண்டும் என்றால் 'மின்பூச்சு' தவறில்லை. படிந்திருப்பதைக் குறிக்க 'குரோமிய முலாம்' எனக்குப் பிடித்தது, 'குரோமியப் பூச்சு' என்றால் சிலர் பெயின்ட் என்று நினைக்கக்கூடும். பாலிஷுக்கு மெருகு; அதில் விவாதமே இல்லை.

பம்பரை வாங்கப் போன அன்று, பில்லில் 'குரோமிய முலாம்' என்று எழுதித் தரச் சொன்னேன். பட்டறைக்காரர் சிரித்தார்.

"முலாம்னா கவரிங் நகை சார். இது வண்டி."

பில்லில் 'நிக்கல் குரோம், 1' என்று எழுதிக் கொடுத்தார். நிக்கலை முதலில் எழுதியிருந்தார்.