கிராப்ஸ் மேசையில் கட்டம் இல்லாத பந்தயம்

லாஸ் வேகஸில், இரண்டு பகடைகளை உருட்டி ஆடும் சூதாட்டமான கிராப்ஸின் மேசை விரிப்பைப் பார்த்தால் பந்தயக் கட்டங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். ஃபீல்டு, ஹார்டுவே, எனி செவன் என ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. சிலவற்றில் ஜெயித்தால் எத்தனை மடங்கு என்பதையும் அச்சிட்டிருப்பார்கள். ஆட்ஸ் பந்தயத்துக்கோ கட்டமே கிடையாது. கேசினோவுக்குச் சல்லிக்காசு லாபம் தராத பந்தயம் அது. அதை விளம்பரப்படுத்த அவர்களுக்கு என்ன அவசரம்?

ஆட்ஸைத் தனியாகக் கட்ட முடியாது. முதலில் அடிப்படைப் பந்தயமான பாஸ் லைனில் பணம் வைக்க வேண்டும். முதல் வீச்சில் இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 7 அல்லது 11 என்றால் வைத்ததற்குச் சமமான தொகை கிடைக்கும். 2, 3, 12 விழுந்தால் போச்சு. மற்றபடி 4, 5, 6, 8, 9, 10 ஆகியவற்றில் எது விழுகிறதோ அதுதான் 'பாயிண்ட்'. அதன்பின் 7 வருவதற்குள் அந்த எண் மறுபடி விழ வேண்டும். 7 முந்திக்கொண்டால் பணம் கேசினோவுக்கு. எல்லா வாய்ப்புகளையும் கூட்டிப் பார்த்தால், 495 ஆட்டங்களில் சராசரியாக 244 வெற்றி, 251 தோல்வி. அந்த 7 ஆட்ட வித்தியாசம்தான் கேசினோவின் பங்கு: 1.41 சதவீதம்.

பாயிண்ட் விழுந்தபிறகு ஆட்டக்காரரின் நிலை மோசம். 36 விழுகைகளில் 7 வர 6 வழிகள். 4 அல்லது 10 வர தலா 3, 5 அல்லது 9 வர 4, 6 அல்லது 8 வர 5 வழிகள்தான். பாஸ் லைனோ அப்போதும் ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். இந்த இடத்தில்தான் ஆட்ஸ் வருகிறது. பாஸ் லைன் கோட்டுக்கு வெளியே, ஏற்கெனவே வைத்த சிப்புகளுக்குப் பின்னால், கூடுதல் சிப்புகளை ஆட்டக்காரரே வைக்கலாம். 4, 10-க்கு 2:1, 5, 9-க்கு 3:2, 6, 8-க்கு 6:5 என்று உண்மையான நிகழ்தகவுப்படியே பணம் தருவார்கள். பாயிண்ட் 4-க்கு 10 டாலர் ஆட்ஸ் என்று வையுங்கள். ஒன்பதில் மூன்று முறை 20 டாலர் வரும், மொத்தம் 60. ஆறு முறை 10 டாலர் போகும், அதுவும் 60. கேசினோவுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

"முழு ஆட்ஸ் கட்டினால் கேசினோவின் பங்கு 0.37 சதவீதமாகக் குறைந்துவிடும்" என்று சொல்வார்கள். முழு ஆட்ஸ் என்றால் மேசையின் வரம்பு அனுமதிக்கும் உச்சத் தொகை; இந்த எண் கீழே வரும் '3-4-5' வரம்புக்கானது. எண் சரிதான், அதைப் புரிந்துகொள்வதில்தான் கோளாறு. பாஸ் லைனில் 15 டாலர் வைத்தால் சராசரி இழப்பு 21 சென்ட். பின்னால் எவ்வளவு ஆட்ஸை அடுக்கினாலும் அந்த 21 சென்ட் ஒரு சென்ட்கூடக் குறையாது. அந்த வரம்பில் முழு ஆட்ஸ் கட்டினால் மொத்தப் பணம் சராசரியாகப் பாஸ் லைன் தொகையின் 3.78 மடங்காவதால், வகுக்கும் எண் பெருத்துச் சதவீதம் சிறுக்கிறது, அவ்வளவுதான். உண்மையான பயன் வேறு. 60 டாலர் கட்டியே தீருவேன் என்பவர் அதை அப்படியே பாஸ் லைனில் வைத்தால் சராசரியாக 85 சென்ட் இழப்பார். 15 டாலரைப் பாஸ் லைனிலும், பாயிண்ட் விழுந்தபின் 45 டாலரை ஆட்ஸிலும் வைத்தால் இழப்பு 21 சென்ட்தான். எனவே பாஸ் லைனில் மேசையின் குறைந்தபட்சத் தொகை, மிச்சமெல்லாம் ஆட்ஸில்.

மேசையோரப் பலகையில் குறைந்தபட்சம், அதிகபட்சம், ஆட்ஸ் வரம்பு மூன்றும் இருக்கும். அதிகபட்சம் பொதுவாகப் பாஸ் லைனுக்கு உரியது. ஆட்ஸ் அதற்கு மேல் தனிக்கணக்கு. பரவலாகக் காண்பது '3-4-5' வரம்பு: 4, 10-க்கு மூன்று மடங்கு, 5, 9-க்கு நான்கு, 6, 8-க்கு ஐந்து. பாஸ் லைனில் 15 டாலர் என்றால் முறையே 45, 60, 75 வரை வைக்கலாம். ஜெயித்தால் மூன்றுக்கும் ஒரே தொகை, 90 டாலர். டீலர் எண்ணுக்கு எண் கணக்குப் போட வேண்டியதில்லை. பாஸ் லைனைப்போல் ஆறு மடங்கு என்று தள்ளிவிடலாம்.

முழு ஆட்ஸ் கட்டாதவர் தொகையைப் பார்த்து வைக்க வேண்டும். 6, 8-க்கு ஐந்தின் மடங்குகள், 5, 9-க்கு இரட்டைப்படைத் தொகை. பாயிண்ட் 5-க்கு 15 டாலர் வைத்தால் வர வேண்டியது 22.50, அரை டாலர் காசு இல்லாத மேசையில் 22-தான் கைக்கு வரும். இலவசப் பந்தயத்தில் இப்படி வலியப் போய் கட்டணம் கட்டுபவர்கள் நிறையப் பேர்.

பாயிண்ட் விழுந்தபின் பாஸ் லைன் பணத்தை எடுக்க முடியாது. ஆட்ஸை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், குறைக்கலாம். பாயிண்ட் விழுந்தபின் பாஸ் லைன் விதிகளிலேயே புதிதாகக் கட்டும் கம் பந்தயத்துக்கும் ஆட்ஸ் உண்டு. ஆனால் அதை நீங்களே வைக்கக் கூடாது, சிப்புகளை டீலர் முன் வைத்துச் சொல்ல வேண்டும். அடுத்த ஆட்டத்தின் முதல் வீச்சில், நீங்கள் வேறு மாதிரி கேட்காவிட்டால், இந்தக் கம் ஆட்ஸ் செல்லாது: அப்போது 7 விழுந்தால் கம் பணம் போகும், ஆட்ஸ் திரும்பி வரும். எதிர்ப்பக்கமான, பாஸ் லைன் தோற்கும் என்று கட்டும் டோன்ட் பாஸில் கேசினோவின் பங்கு 1.36 சதவீதம். அங்கே 7 வரவே வாய்ப்பு அதிகம் என்பதால் ஆட்ஸ் தலைகீழ்: பாயிண்ட் 4 என்றால் 45 டாலர் ஜெயிக்க 90 வைக்க வேண்டும்.

கட்டணம் இல்லை என்பதற்காக ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடாது. 15 டாலர் பாஸ் லைனில் மட்டும் ஆடினால் 100 ஆட்டங்களுக்குச் சராசரி இழப்பு 21 டாலர், திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) சுமார் 150 டாலர். 3-4-5 முழு ஆட்ஸ் சேர்த்தால் சராசரி இழப்பு அதே 21, திட்ட விலக்கமோ ஏறத்தாழ 737. பாயிண்ட் 6 விழுந்து முழு ஆட்ஸும் வைத்தபின் 7 வந்தால் ஒரே வீச்சில் 90 டாலர் காலி. 300 டாலருடன் வருபவர் நான்கு முறை இப்படி அடிபட்டால் மேசையை விட்டு விலகிவிடுவார்.

இதே ஏற்ற இறக்கம்தான் கேசினோவையும் வரம்பு போட வைக்கிறது. லாஸ் வேகஸில் ஹார்ஸ்ஷூ கேசினோ நடத்திய பென்னி பினியன், முதல் பந்தயம் எவ்வளவோ அதுவே அந்த ஆளின் வரம்பு என்ற விதி வைத்திருந்தார். 1980-ல் வில்லியம் லீ பெர்க்ஸ்ட்ரோம் என்பவர் 7,77,000 டாலரை டோன்ட் பாஸில் வைத்து ஜெயித்தார். கணக்குப்படி அந்தப் பந்தயத்தால் கேசினோவுக்குச் சராசரியாகச் சேர வேண்டியது 10,600 டாலர் போலத்தான். அதே ஹார்ஸ்ஷூ பிற்காலத்தில் 100 மடங்கு ஆட்ஸும் தந்தது: 5 டாலர் பாஸ் லைனுக்குப் பின்னால் 500 டாலர். பாயிண்ட் 4 திரும்பி வந்தால் கேசினோ 1,005 டாலர் எண்ணிக் கொடுக்க வேண்டும். அந்த 5 டாலர் பாஸ் லைனிலிருந்து அதற்குச் சராசரியாகக் கிடைப்பது 7 சென்ட்.