கால் பிசகியது சரி, எந்தப் பக்கம்?

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் விளையாட்டு அறிவியல் மையத்தில், சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற பந்துவீச்சுச் சோதனைக்கூடம் ஒன்று இருக்கிறது. 2015-இல் வெஸ்ட் இண்டீஸ் சுழற்பந்து வீச்சாளர் சுனில் நரைனின் பந்துவீச்சு இங்கே சோதிக்கப்பட்டது. வீரரின் தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் ஒளியைத் திருப்பியடிக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமராக்களை வைத்துப் பந்து போடச் சொல்வார்கள். கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து விரலை விட்டுப் பிரியும்வரை முழங்கை எத்தனை டிகிரி நிமிர்கிறது என்பதுதான் கணக்கு. 15 டிகிரியைத் தாண்டினால் அது வீச்சு இல்லை, எறி.

“கையே மடங்கித்தானே இருக்கு, அப்ப எறிதானே?” என்று டீக்கடையில் வாதம் நடக்கும். கை மடங்கியிருப்பது குற்றமே இல்லை. முழங்கை மடங்குவது ஃபிளெக்ஷன். மடங்கியது நிமிர்வது எக்ஸ்டென்ஷன். விதி கட்டுப்படுத்துவது எக்ஸ்டென்ஷனை மட்டும். இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் முழங்கை பிறவியிலிருந்தே முழுசாக நிமிராது. மடங்கிய கையோடு ஓடிவந்து, மடங்கிய கையோடே பந்தை விட்டாலும் விதிப்படி அது சரி. ஒரு மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒன்று, எந்தத் திசையில் நகர்கிறது என்பது இன்னொன்று. விளையாட்டு மருத்துவம் இந்த இரண்டையும் ஒருபோதும் கலக்காது. காயத்தைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை, அசைவின் திசையைக் கண்டுபிடிப்பதுதான்.

திசை என்றால், எங்கிருந்து பார்த்து? அதற்காக உலகம் முழுக்க ஒரே நிற்கும் நிலையை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நேராக நின்று, முன்னால் பார்த்து, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்பக்கம் காட்ட வேண்டும். கட்டைவிரல்கள் வெளிப்பக்கம் போய்விடும். உள்ளங்கை எதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். முன்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள். இந்த நிலையில் அவை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உள்ளங்கையைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், ரேடியஸ் புரண்டு அல்னாவுக்குக் குறுக்கே போய்விடும். இன்னொரு கையால் முன்கையைப் பிடித்துக்கொண்டு திருப்பினால் விரலுக்கே தெரியும்.

ஆள் குப்புறப் படுத்திருந்தாலும் சொற்கள் இந்த நிலையை வைத்துத்தான். இடது வலதும் அவருடையதே, எதிரே நிற்கும் மருத்துவருடையது இல்லை. முன்பக்கம் ஆன்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர். உடலின் நடுக்கோட்டுக்குக் கிட்டே இருப்பது மீடியல், விலகியிருப்பது லேட்டரல். கையில் சுண்டுவிரல் மீடியல் பக்கம், காலில் அதே சுண்டுவிரல் லேட்டரல் பக்கம். கையும் காலும் உடலோடு சேரும் இடத்துக்கு அருகே என்றால் பிராக்ஸிமல், விரல் நுனிப் பக்கம் போகப்போக டிஸ்டல். தொடையின் பின்தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங், கிழிந்த ஓட்டக்காரருக்கு இது வெறும் பெயர் இல்லை. கிழிசல் உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில், தசையை எலும்போடு கட்டும் பிராக்ஸிமல் நாணில் இருந்தால், தசையின் நடுவில் கிழிந்ததைவிடக் குணமாகப் பொதுவாக அதிக நாள் பிடிக்கும்.

கணுக்காலில்தான் இந்தச் சொற்கள் முழுசாக வேலை செய்கின்றன. வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் பையன் நொண்டிக்கொண்டு வந்து, “கால் பிசகிடுச்சுண்ணா” என்பான். நல்ல பிசியோ காலைத் தொடுவதற்கு முன்னால் கேட்பார்: “எந்தப் பக்கம் பிசகுச்சு தம்பி? பாதம் உள்ள மடங்குச்சா, வெளிய போச்சா? அப்ப குதிகால் தரையில இருந்துச்சா?”

பாதத்தின் அடிப்பக்கம் உள்நோக்கித் திரும்பினால் இன்வெர்ஷன், வெளிநோக்கித் திரும்பினால் எவெர்ஷன். முன்பாதத்தை மேலே தூக்குவது டார்சிஃபிளெக்ஷன், நுனிக்காலில் நிற்பதுபோலக் கீழே இறக்குவது பிளான்டர்ஃபிளெக்ஷன். கணுக்கால் சுளுக்குகளில் மிகப் பெரும்பாலானவை இன்வெர்ஷனில் வருபவை, அதிலும் பாதம் பிளான்டர்ஃபிளெக்ஷனில் இருக்கும்போது. ஹெட்டருக்கு எகிறி, இன்னொருவன் பூட்ஸ் மேல் இறங்கும் கால் சரியாக அப்படித்தான் இருக்கும்.

காரணம் எலும்பின் வடிவம். கணுக்காலின் இரண்டு புடைப்புகளுக்கு நடுவே டேலஸ் என்ற எலும்பு உட்கார்ந்திருக்கிறது. அதன் மேற்பரப்பு முன்னால் அகலம், பின்னால் குறுகல். பாதத்தை மேலே தூக்கினால் அகலமான பகுதி ஆப்பு அடித்தாற்போல இடைவெளியில் இறுகும். கீழே இறக்கினால் குறுகலான பகுதி வந்து ஆட்டம் கொடுக்கும். வெளிப்புடைப்பு உள்புடைப்பைவிடக் கீழே இறங்கி நிற்பதால் பாதம் வெளியே சாய்வதை எலும்பே தடுக்கும். எலும்போடு எலும்பைக் கட்டும் நாருக்கு லிகமென்ட் என்று பெயர். உள்பக்கத்து லிகமென்ட்டும் அகலமானது, உரமானது. உள்ளே மடங்குவதைத் தடுக்க அவ்வளவு காவல் இல்லை. பெரும்பாலும் முதலில் கிழிவது ஆன்டீரியர் டேலோஃபிபுலர் லிகமென்ட். முன்பக்கத்தில், டேலஸையும், கீழ்க்காலின் வெளிப்பக்கத்து எலும்பான ஃபிபுலாவையும் கட்டும் நார் அது. வெளிப்புடைப்புக்குச் சற்று முன்னால், கீழே விரல் வைத்தால் “ஆ” என்று கத்தும் இடம்.

அதே புடைப்பின் பின்விளிம்பில் அழுத்தி வலித்தால் கதை வேறு. கனடாவின் ஒட்டாவாவில் உருவாக்கி 1992-இல் வெளியிட்ட விதிகளை அவசர சிகிச்சைப் பிரிவுகள் இன்றும் பின்பற்றுகின்றன. கணுக்கால் பகுதியில் வலி இருந்து, உள், வெளிப் புடைப்பு எலும்புகளில் ஏதாவது ஒன்றின் நுனியிலோ, அதன் போஸ்டீரியர் விளிம்பின் கடைசி 6 செ.மீ. நீளத்திலோ அழுத்தினால் வலித்தாலும், அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முன்னா பின்னா என்ற ஒரு சொல், லிகமென்ட்டா எலும்பா என்பதைப் பிரிக்கிறது. இதைப் பார்க்காமல் ‘சுளுக்கு எடுக்கிறேன்’ என்று காலை இழுத்து நீவுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உள்ளே எலும்பில் விரிசல் விட்டிருந்தால் அந்த இழுப்பே எலும்பை விலக்கிவிடும்.

பாதம் தரையில் ஊன்றி, டார்சிஃபிளெக்ஷனில் வெளிப்பக்கம் முறுக்கினால் காயம் புடைப்புக்கு மேலே, கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியாவையும் ஃபிபுலாவையும் கட்டும் நார்களுக்குப் போகும். வீக்கம் குறைவாகக்கூட இருக்கலாம், ஆனால் ஆறுவதற்குச் சாதாரணச் சுளுக்கைவிட நாள் கூடும். முழங்காலுக்கும் இதே நியாயம்: ஊன்றிய காலில் திடீரென்று திரும்பும்போது முழங்கால் உள்ளே சரிவது வால்கஸ். கபடியில் ரெய்டர்களின் ஏ.சி.எல்., அதாவது முழங்காலுக்குள் இருக்கும் முன்பக்கக் குறுக்கு லிகமென்ட், கிழியும்போது இந்தச் சரிவை அடிக்கடி பார்க்கலாம்.

பெசன்ட் நகரில் காலையில் ஓடுகிறவர்கள் ஷூ கடையில் கேட்டு வரும் சொல் ஓவர்ப்ரொனேஷன். பாதம் தரையைத் தொட்டதும் சற்று உள்ளே சாய்ந்து அதிர்வை வாங்கிக்கொள்வதுதான் ப்ரொனேஷன். எல்லோர் காலிலும் நடப்பது. அந்தச் சாய்வு அதிகமானால் ஓவர்ப்ரொனேஷன். வலி இல்லாத பாதத்துக்கு அதை நோய் மாதிரிச் சொல்லி விலை கூடிய ஷூவை விற்பது தவறு.

பிசகிய கால் ஆறிய பிறகும் பலருக்குக் குறைந்தே கிடப்பது டார்சிஃபிளெக்ஷன். அளப்பது சுலபம். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற கடைசித் தூரம் வரை பாதத்தைப் பின்னால் நகர்த்தி, பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து, நல்ல காலோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் மேட்ச்சுக்குப் போக வேண்டாம். பிசியோவிடம் எண்ணைச் சொல்லுங்கள். கூடவே பாதத்தில் ரப்பர் பேண்ட் மாட்டி வெளிப்பக்கம் இழுக்கும் எவெர்ஷன் பயிற்சியையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை பாதம் உள்ளே மடங்கப் போகும்போது எதிர்த்து இழுக்க வேண்டியவை காலின் வெளிப்பக்கத்துத் தசைகள்தான்.