எஸ்எஸ்டி மாட்டியாச்சு, பேக்கப் எங்கே?

“எஸ்எஸ்டியில சுத்துற பார்ட்டே இல்லையே சார், அது எப்படிக் கெடும்?” ஹார்டு டிஸ்க்கின் சுற்றும் தட்டுக்குப் பதில் சிப்புகளில் டேட்டாவைச் சேமிப்பதுதான் எஸ்எஸ்டி. கெட்ட டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்கும் டேட்டா ரெகவரி தொழிலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இந்த வாரம் அதே கேள்வியோடு வந்தவர் ஒரு ஆடிட்டர். ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசித் தேதி நெருங்குகிற நேரம். ராத்திரி வரை ஓடிய லேப்டாப், காலையில் எழவில்லை. விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங் திரைக்குள் போய்ப் பார்த்தால், கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் வர வேண்டிய இடத்தில் ‘சாட்டாஃபர்ம் எஸ்11’ என்று நிற்கிறது. அப்படி ஒரு பிராண்ட் கிடையாது. எஸ்எஸ்டியை இயக்கும் கண்ட்ரோலர் சிப், தன்னை ஓட்டும் மென்பொருளான ஃபர்ம்வேரையே படிக்க முடியாமல் தடுமாறினால், சில எஸ்எஸ்டிகள் இந்தப் பெயரில்தான் வந்து நிற்கும். “பேக்கப் இருக்கா?” என்றேன். “இருக்கே, தினமும் டாலி கணக்கு சாஃப்ட்வேர் பேக்கப் டி டிரைவ்ல விழுது” என்றார்.

டி டிரைவ் அதே எஸ்எஸ்டிக்குள்தான் இருக்கிறது, ஐயா! சி, டி, இ என்று எத்தனை எழுத்துப் போட்டாலும் உள்ளே இருப்பது ஒரே ஒரு சர்க்யூட் பலகை. அது போனால் எல்லா எழுத்தும் சேர்ந்துதான் போகும்.

சரி, சுற்றும் பாகம் கதைக்கு வருவோம். சுற்றும் பாகம் இல்லாததால் பாதுகாப்பில் கிடைக்கிற முக்கிய லாபம் இதுதான்: கீழே விழுந்தால், தட்டைப் படிக்கும் ஹெட் உடையாது, தட்டு கீறாது. அதற்காகச் சாகாவரம் வாங்கி வந்ததாக அர்த்தம் இல்லை. அந்தப் பலகையில் நினைவகச் சிப்புகள் இருக்கின்றன, அவற்றை மேய்க்கிற கண்ட்ரோலர் இருக்கிறது, மின்சாரத்தைச் சீராக்கும் சின்னச் சின்ன பாகங்கள் இருக்கின்றன. இதில் எது போனாலும் கதை முடிந்தது. ‘எழுதி எழுதித் தேய்ந்துவிடும்’ என்று பயப்படுகிறவர்கள் வேறு ரகம். 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு 300 டிபி (அதாவது 3 லட்சம் ஜிபி) வரை எழுதலாம் என்று வாரண்டி இருந்தால், தினம் 30 ஜிபி எழுதினாலும் அந்தக் கணக்கு தீர 27 வருஷம் ஆகும். என் மேஜைக்கு வருபவை தேய்ந்து வருவதில்லை, திடீரென்று செத்து வருகின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதும் ஒரு காரணம். வீட்டு உபயோக எஸ்எஸ்டிகள் பெரும்பாலானவற்றில் அந்த நொடியைத் தாங்கும் கெபாசிட்டர்கள் கிடையாது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து யுபிஎஸ் போடுங்கள்.

பழைய ஹார்டு டிஸ்க் சாகும்முன் பெரும்பாலும் புலம்பும். டக் டக்கென்று சத்தம் வரும், ஒரு ஃபோல்டர் திறக்கவே யுகம் ஆகும். அப்புறமும் வேறொரு டிஸ்க்கின் ஹெட்டை எடுத்து மாட்டிப் படித்துவிட வழி உண்டு. எஸ்எஸ்டியில் சிப்பைத் தனியாகக் கழற்றினாலும், கண்ட்ரோலர் டேட்டாவைக் கலைத்துப் போட்டு, பல மாடல்களில் என்க்ரிப்டும் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கும். கையில் சிப் இருக்கும், ஃபைல் இருக்காது.

தவறி டிலீட் செய்தவர்களுக்கும் இதே பாடுதான். ஹார்டு டிஸ்க்கில் அழித்த ஃபைல், அதன் மேல் வேறொன்று எழுதும்வரை அங்கேயே கிடக்கும். விண்டோஸ் 7 காலத்திலிருந்து எஸ்எஸ்டிக்கு ‘ட்ரிம்’ கட்டளை போகிறது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்ததுமே ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் சொல்லிவிடும், டிஸ்க் தன் போக்கில் சுத்தமாகத் துடைத்துவிடும். ரெகவரி சாஃப்ட்வேர் ஃபைலின் பெயரைக் காட்டலாம். திறந்தால் உள்ளே முழுக்கப் பூஜ்யம்.

இதற்காக யாரும் எஸ்எஸ்டி வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. தூங்கி வழிந்த பழைய லேப்டாப்பைக்கூட அது எழுப்பி உட்கார வைக்கும், நானே தினமும் மாட்டிக் கொடுக்கிறேன். ஆனால் கழற்றிய ஹார்டு டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அது நல்ல நிலையில் இருந்தால் ஒரு யுஎஸ்பி கேசிங் வாங்கிப் போடுங்கள், வாரம் ஒருமுறை முக்கியமானதை அதில் காப்பி எடுங்கள், எடுத்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் வரும்போது அதுவும் சேர்ந்து போகும். கல்யாண ஆல்பத்தை எஸ்எஸ்டியில் ஏற்றி வருஷக்கணக்கில் பீரோவில் பூட்டியும் வைக்காதீர்கள். மின்சாரமே பார்க்காமல் கிடந்தால் அதில் டேட்டாவாகப் பதிந்த மின் சார்ஜ் மெல்லக் கசியும். ‘16 டிபி எஸ்எஸ்டி, சில ஆயிரம் ரூபாய்’ என்று வரும் விளம்பரங்களைப் பற்றி என்ன சொல்ல! அப்படி ஒன்றைப் பிரித்தால், உள்ளே பசை போட்டு ஒட்டிய ஒரு மெமரி கார்டு.

இன்னொன்று. புது விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் பிட்லாக்கர் என்க்ரிப்ஷன் உங்களைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். அதன் 48 இலக்க ரெகவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் என்னிடம் வந்தால், டிஸ்க் நன்றாகவே இருந்தாலும் என்னால் திறக்க முடியாது.